கேமராவுக்குக் குனிந்த ஊர்

பெட்டி படகில் வந்து சேர்ந்தது. உள்ளே சின்னதாக இரண்டு கேமரா, ஒரு கம்பளிச் சட்டை. கேமராவைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கம்பளிச் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. அப்பாவின் அளவு. எங்கள் சாவாயித் தீவில் பிறந்து, வளர்ந்து, கிழமாகிச் சாகிற வரைக்கும் ஒருவருக்கும் கம்பளி தேவைப்பட்டதில்லை. அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போக அண்ணன் பாதி முடிவு கட்டிவிட்டான் என்று அர்த்தம்.

அண்ணன் உவெலேசே இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் என்ற ஊரில். இறைச்சியை உறையவைக்கும் கிடங்கில் இராத்திரி வேலை. போய் முப்பது வருஷமாகிறது. அண்ணி லோசா இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. இங்கே நானும் அப்பாவும். என் கணவர் வருஷத்தில் பாதி நாள் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போய்விடுவார். பெண்கள் இரண்டு பேரும் தலைநகர் ஆப்பியாவில் படிக்கிறார்கள். காலையில் நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்துக்கு வேலைக்குப் போனால், மத்தியானம் வரைக்கும் அப்பா வீட்டில் தனியாக இருப்பார்.

தனியாக என்பது அண்ணனின் வார்த்தை. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பிப்ரவரியில் கடலோரக் குளத்தில் குளிக்கும்போது அப்பாவுக்குக் கால் கொஞ்சம் வழுக்கியது, விழக்கூட இல்லை. அதைப் பேச்சுவாக்கில் அண்ணனிடம் உளறியது என் வாய்க்கொழுப்பு. அன்றைக்குப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு மாசம் பாக்கறேன்,” என்றான் போனில். “கேமராவ மாட்டு. அப்பா பத்திரமா இருக்காருன்னு என் கண்ணால பாத்துட்டா நான் வாயே திறக்க மாட்டேன். ஒரே ஒரு தடவ விழுந்தாலும் டிக்கெட் போட்டு இங்க கூட்டிட்டு வந்துருவேன். அப்பறம் நீ அழக் கூடாது.”

“அழுதா என்ன பண்ணுவ?”

“நீ அழுதா எனக்குத் தாங்காதுன்னு உனக்கே தெரியும், மொயெலாங்கி. அதனாலதான் முன்கூட்டியே சொல்லி வைக்கறேன்.”

அப்பா அந்தக் குளிர் ஊருக்கு ஒரு தடவை போனவர்தான். அண்ணியின் சாவுக்குப் போய் மூன்று மாதம் தங்கினார். திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “வாசல்ல உக்காந்துகிட்டு ரோட்டுல போறவன சாப்பிட வாப்பான்னு கூப்பிட்டேன். பயந்துபோய் அந்தப் பக்கமா நடந்துட்டான்,” என்று அதையே பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் சாப்பாட்டு நேரத்தில் வீட்டைக் கடந்து போகிறவர் எவராக இருந்தாலும் கூப்பிட்டே ஆகவேண்டும். அவரும் ‘இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கூப்பிடுவதும் மறுப்பதும் சேர்ந்துதான் மரியாதை. அந்த ஊரில் மறுக்கக்கூட ஆளில்லை என்பதுதான் அப்பாவின் குறை.

முற்றத்தில் ஈரப்பலா மரத்தடியில் அம்மாவின் கல்லறை இருக்கிறது. அப்பா காலையில் கோகோ குடிப்பது அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான். மத்தியானம் சாய்ந்துகொள்வது அதன் குளிர்ந்த சிமெண்டில். “இவள விட்டுட்டு நான் எங்க போறது,” என்பார், அம்மா பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருப்பதைப் போல. அப்பா இல்லாத முற்றத்தைப் பெருக்க என்னால் முடியாது. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கேமராவை மாட்டினோம். கடல் உள்வாங்கி, தண்ணீர் அசையாமல் வெளுத்துக் கிடந்தது. ஊரே பாயில் படுத்திருந்த நேரம். பெட்டியோடு வந்த காகிதத்தைப் படித்தேன். கதவைப் பார்த்தபடி மாட்டவும் என்று போட்டிருந்தது. எங்களுக்குக் கதவில்லை. சுவரில் ஏழடி உயரத்தில் திருகவும் என்றது. சுவரும் இல்லை, முன்வீடு என்றால் எங்களுக்குச் சுற்றிலும் தூண், மேலே கூரை, கீழே பாய், அவ்வளவுதான். வெளியாள் நுழையக்கூடிய வழியை முதலில் முடிவு செய்யவும் என்று இன்னொரு வரி. நான் சுற்றிப் பார்த்தேன். பதினாறு தூண், பதினாறு வழி.

அண்ணன் தன் பக்கப் படத்தை மூடிவைத்து, எங்களை மட்டும் வீடியோவில் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னான். சார்ஜ் ஏறி விளக்கு பச்சையாகிற வரைக்கும் தொடாதே. போனும் கேமராவும் ஒரே வைஃபையில் இருக்கவேண்டும். போனில் வருகிற கட்டம் போட்ட சதுரத்தைக் கேமராவின் கண்ணுக்கு நேரே காட்டு. ரொம்பக் கிட்டே கொண்டுபோகாதே, ஒரு சாண் தள்ளிப் பிடி. நான் காட்டினேன். அது பார்க்கவில்லை. ஐந்து தடவை காட்டியும் பார்க்காமல் முறைத்துக்கொண்டிருந்தது.

“அடியில குட்டியா ஒரு ஓட்டை இருக்கும் பாரு. ஊசி மாதிரி எதையாவது விட்டு அஞ்சு செகண்ட் அமுக்கு.”

ஊசி அகப்படவில்லை. அப்பா ஒரு தூண்டில் முள்ளைக் கல்லில் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார். அமுக்கினேன். கேமரா டிங்கென்று ஒலித்து, ஒரு பெண்குரலில் இங்கிலீஷில் தயார் என்றது. அப்பா மரியாதையாக அதற்கு வணக்கம் சொன்னார்.

“பின்வீட்டுப் பக்கம் திருப்பிராத,” என்றான் அண்ணன். “ரெண்டு அனுப்பினது என் தப்பு. அந்த ரெண்டாவது பெட்டியிலயே இருக்கட்டும். நீ புழங்கற இடம் என் கண்ணுல படக் கூடாது.” தங்கையின் படுக்கை அண்ணன் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். முப்பது வருஷத்தில் அவன் அதை மறக்கவில்லை என்று பார்த்தபோது எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது.

“இன்னும் மேல கட்டு. ரொம்பத் தாழ இருக்கு.”

“ஏணிய சர்ச்சுக்குப் பெயிண்ட் அடிக்கக் குடுத்தாச்சு. இங்கதான் எட்டுது.”

எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, பாயில் உட்கார்ந்தபடியே, என் கைக்கு வாகான உயரத்தில், முன்தூணில் கயிற்றால் கட்டிவிட்டேன். உட்கார்ந்திருக்கும் ஆளின் முகம் எங்கே இருக்குமோ அங்கே அதன் கண் இருந்தது. அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

படம் வந்தது. முற்றம், கல்லறை, மரத்தின் நிழல், அதற்கப்பால் வெள்ளை ரோடு, அதற்கும் அப்பால் கடல். சத்தம் கொஞ்சம் பின்தங்கி வந்தது. சேவல் வாயைத் திறந்து மூடிய பிறகு கூவியது. சரிபார்ப்பதற்காக நான் போனைக் கையில் பிடித்தபடி மரத்தடிவரை நடந்தேன். போனுக்குள் ஒரு பருத்த பெண் மெதுவாக நடந்து போய், நிழலில் நின்று, கையிலிருந்த எதையோ உற்றுப் பார்த்தாள். தூக்கத்தில் நம்மை நாமே தள்ளி நின்று பார்ப்போமே, அப்படி இருந்தது. அவளை எனக்குப் பிடித்திருந்தது. அவளுடைய முற்றம் அழகாக இருந்தது.

“தெரியுதா?” என்று கேட்டேன்.

“தெரியுது,” என்றான். “மரம் ரொம்பப் பெருசாயிடுச்சு. நான் பாக்கறப்போ நீல விளக்கு எரியும். அப்பாகிட்ட சொல்லிடு.”

அப்பாவிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. மறுநாள் விடிந்ததும் முகம் கழுவி, தலைவாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூணுக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நீல விளக்கு அணைந்தால் தோளைத் தளர்த்துவார். எரிந்தால் மறுபடி நிமிர்வார். “படம் எடுக்கலப்பா, சும்மா பாக்கறான்,” என்றால், “நான் நல்லா இருக்கேன்னு அவனுக்குத் தெரியணுமில்ல,” என்பார். மாதம் முடிய இருபத்தொன்பது நாள் இருந்தது. நான் நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன்.

நீல விளக்கு அணைகிற நேரம் குறைந்துகொண்டே போனது. அண்ணன் காலையில் வேலை முடிந்து வந்து தூங்கவேண்டியவன். தூங்காமல் எங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோழி போனால் அவன் போன் அடிக்கும். ஈரப்பலா இலை விழுந்தால் அடிக்கும். பன்றி போனால் ‘ஆள் நடமாட்டம்’ என்று எழுத்தில் சொல்லுமாம்.

“ஒரு நாளைக்கு நூத்திநாப்பது தடவ அடிக்குது,” என்றான்.

“எந்த இடத்துல அசைஞ்சா அடிக்கணும்னு கோடு போட்டுக் குறைக்கலாம்னு காகிதத்துல இருக்கே. கல்லறையச் சுத்தி மட்டும் போட்டுக்கோ.”

“வேண்டாம். அடிக்கட்டும்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்போது கேட்டிருக்கவேண்டும்.

ஊருக்குச் செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. உவெலேசே அந்தத் தூணில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பேச்சு. எதிர்வீட்டு ஃபுவாத்தினோதான் ஆரம்பித்து வைத்தாள். ஃபுவாத்தினோ என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ரோட்டோரத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறாள், யாரையும் சும்மா விடமாட்டாள். உப்பு கேட்டு வந்தவள் தூணுக்கு முன்னால் வந்ததும் சட்டென்று இடுப்பை வளைத்து, ஒரு கையைத் தாழ்த்தி, “துலோ, துலோ” என்று முணுமுணுத்துக்கொண்டே தாண்டினாள். உட்கார்ந்திருப்பவர்களின் முன்னால் நிமிர்ந்து நடக்கக்கூடாது. குனிந்து, துலோ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கடக்கவேண்டும். கேமராவும் உட்கார்ந்த உயரத்தில்தானே இருந்தது.

“அது பொருள்தானக்கா. ஆளில்ல,” என்றேன்.

“உள்ள உங்க அண்ணன் இருக்கான்ல. தலைக்கட்டுக்காரர் மகன். அவன் மூஞ்சிக்கு நேர நான் மாடு மாதிரி நிமிந்து நடக்கவா?”

அடுத்த நாளிலிருந்து எல்லோரும் குனிந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், மீன் கொண்டுவருகிறவர், பாட்டுக் குழுப் பெண்கள். சர்ச் போதகரே குனிந்தார். வீட்டுக் காவலுக்கு என்று ஒன்றை வாங்கி அனுப்பி, ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்தவனைப் போல அண்ணன் களைத்த குரலில் சொன்னான்: “உன் கேமராவுல ஒருத்தர் மூஞ்சியும் தெரியல. எல்லாம் முதுகுதான். திருடன் வந்தாலும் துலோ சொல்லிட்டுத்தான் போவான் போல.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அண்ணி போன பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்.

இரண்டாவது வாரத்தில் கேமரா பேச ஆரம்பித்தது. அதில் ஒலிபெருக்கி இருப்பதை அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். ஒரு மத்தியானம் நானும் அப்பாவும் சாப்பிட உட்கார்ந்தோம். மீன்காரர் ரோட்டில் போனார். அப்பா வாயைத் திறப்பதற்குள் தூண் கூப்பிட்டது: “வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க.”

மீன்காரர் நின்றார். நான் ‘இருக்கட்டும்’ வரும் என்று காத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். “அவ்வளவு தூரத்துலேர்ந்து கூப்பிடறாரு, எப்படி மாட்டேன்னு சொல்றது,” என்று குனிந்தபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அதன்பிறகு கேட்கவேண்டாம். அண்ணனுக்குப் பழக்கம் நாக்கிலேயே ஊறிக் கிடந்தது. ஆளைக் கண்டால் கூப்பிடுவான். வந்தவர்கள் எல்லோரும் அதே நியாயத்தைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு நாள் போதகர் வந்துவிட்டார். வீட்டில் டின் மீனும் அவித்த வாழைக்காயும்தான் இருந்தது. அதை அவர் முன்னால் வைத்தபோது எனக்கு மானம் போயிற்று.

“கூப்பிடறது நீ, ஆக்கிப் போடறது நானா?” என்று சாயங்காலம் தூணைப் பார்த்துக் கத்தினேன். “இந்த வாரச் சேம்பு முழுக்கத் தீந்து போச்சு. மரத்துல எட்டற உயரத்துல ஒரு காய் இல்ல.”

“என்னம்மா செய்ய,” என்றது தூண். “ஆள் போறதப் பாத்துட்டு சும்மா இருக்க மனசு வரமாட்டேங்குது. இங்க நான் யாரக் கூப்பிட?”

அப்பா அந்த நாட்களில் நன்றாக இருந்தார். முற்றத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள். அவர் கல்லறையோரம் சாய்ந்திருப்பார், தூண் மெதுவாக அவரோடு பேசிக்கொண்டிருக்கும். மழை வருமா, மாமன் மகன் வீட்டில் என்ன சண்டை, அம்மா ஆக்கும் கோகோவில் என்ன போடுவாள். நான் வேலையிலிருந்து திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே இரண்டு குரலும் கேட்கும். சில நாள் அண்ணன் குரல் பாதிப் பேச்சில் நின்று, குறட்டையாக மாறிவிடும். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே தானும் கண்ணை மூடிக்கொள்வார். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும், நீல விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அப்பாவும் மகனும் கடலைத் தாண்டி ஒரே முற்றத்தில் தூங்குவார்கள். அவர்களை எழுப்பாமல் நான் சுற்றிப் போவேன், அப்போதும் குனிந்துதான்.

இருபத்துநாலாம் நாள் அடித்துவிட்டு வேலைக்குப் போனேன். பத்தரை மணி இருக்கும். படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பிக்கப் வண்டி விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. பின்பக்கம் நிறைய எங்கள் தெரு ஆட்கள். நடுவில் ஃபுவாத்தினோவின் மடியில் அப்பாவின் தலை. நெற்றியில் ரத்தம். கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த நேரத்திலும் ஒன்று கண்ணில் பட்டது: வந்தவர்களில் இரண்டு பேர் கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது.

“ஒண்ணுமில்ல,” என்றார் அப்பா. “கை கொஞ்சம் மடங்கிடுச்சு. மேல நல்ல காய் ஒண்ணு இருந்துச்சு. கல்லறை மேல ஏறி கழியால தட்டினேன்.” யாருக்காகக் காய் என்று நான் கேட்கவில்லை. அவர் என்னை உற்றுப் பார்த்தார். “அவன் பாத்தானா?”

“பாத்துட்டானாம்பா.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மணிக்கட்டு எலும்பில் லேசான கீறல். கட்டுப் போட்டார்கள், புருவத்துக்கு மேல் மூன்று தையல். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் அந்தப் பதிவைப் பார்த்தேன். வெயில் சாய்வாக விழுந்த முற்றம். அப்பா கல்லறை மேல் நின்று கழியை உயர்த்துகிறார். காய் அசைகிறது. பிறகு அவர் மெதுவாக, சத்தமில்லாமல், படத்தின் ஓரத்தில் சரிந்து இறங்குகிறார். கழி மட்டும் கொஞ்ச நேரம் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கோழி அருகில் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. அப்போது தூண் கத்துகிறது. உதவி என்று கத்தவில்லை. “சாப்பிட வாங்க! எல்லாரும் வாங்க, சாப்பிட வாங்க!”

தட்டு எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலைப் பத்து மணிக்கு விருந்தா என்று கேட்காமல் வந்திருக்கிறார்கள். ஃபுவாத்தினோ முதலில், கடையை அப்படியே போட்டுவிட்டு. தூணருகே வந்ததும் வழக்கப்படி குனிகிறாள். குனிந்த கண்ணுக்கு அப்பாவின் கால் தெரிகிறது. அதற்குப் பிறகு படம் முழுக்க முதுகுகள்தான்.

அன்று அண்ணன் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. நீல விளக்கு மட்டும் காலையிலிருந்து மாலைவரை எரிந்தது. டிக்கெட் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். சொன்ன சொல்லை மீறுகிறவன் இல்லை. தூணைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது. என் கையால் நானே கட்டியது. ஒரு தடவை அவிழ்த்துக் கடலில் வீசிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்து பார்த்தால், அப்பா பெட்டியைத் திறந்து கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கை உள்ளே நுழையாமல், ஒரு கை மட்டும் போட்டு, மறுபாதி தோளில் தொங்கியது. அந்த வெயிலில் கழுத்தெல்லாம் வேர்வை. நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“சரியா இருக்கு,” என்றார் தூணைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைக் குரலில். “அளவு சரியாத்தான் எடுத்திருக்க, மகனே.”

நான் மரத்துக்குப் பின்னால் போய் அழுதேன். அண்ணனுக்குத் தெரியட்டும் என்றுகூட இல்லை. தாங்கவில்லை, அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பாட்டை இறக்கி வைத்தபோது போன் அடித்தது. அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் போனை நடுவில் வைத்தேன். படமில்லை, குரல் மட்டும்.

“அப்பா, அந்தச் சட்டையக் கழட்டிடுங்க,” என்றான் அண்ணன். “பாக்க முடியல.”

சர்ச்சிலிருந்து வந்ததுமே அப்பா அதை மறுபடி ஒரு தோளில் மாட்டிக்கொண்டு தூணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பதிவ எத்தன தடவ பாத்தேன்னு எனக்கே தெரியாது,” என்றான். “உதவிக்கு வாங்கன்னு கத்தத்தான் வாயத் திறந்தேன். வேற எதுவோ வந்துச்சு. நான் கத்தினதுலேர்ந்து ஃபுவாத்தினோ கை அப்பா தலைக்குக் கீழ போறவரைக்கும் முப்பத்தெட்டு செகண்ட். மொத்தம் பதினோரு பேரு. எண்ணிட்டேன்.”

“அதுக்காக?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“ஏப்ரல்ல நான் விழுந்தேன், மொயெலாங்கி. உங்ககிட்ட சொல்லல. வேலைலேர்ந்து வந்து, சமையல்கட்டுல, தரை ஈரமா இருந்துச்சு. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. காலைல ஏழு மணிக்கு விழுந்தேன். எந்திரிக்கறப்போ ஜன்னல்ல இருட்டிட்டு வந்துச்சு. அது வரைக்கும் ஒரு போன் வரல. பக்கத்து வீட்டுக்காரன் பேரு என்னன்னு படுத்துக்கிட்டே யோசிச்சேன். பதினாலு வருஷமா பக்கத்து வீடு. தெரியல. இந்த ஊருக்கு அப்பாவக் கூட்டிட்டு வந்து பாத்துக்கறேன்னு சொன்னேன் பாரு. என்னையே பாத்துக்க ஆளில்ல.”

அப்பா கம்பளிச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். நான் உதவினேன். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்பா அங்கயே இருக்கட்டும்,” என்றான் அண்ணன். “நேத்து நானும் ஒரு கேமரா வாங்கினேன். எனக்கு. அரைநாளா முட்டிக்கிட்டிருக்கேன், அந்தச் சதுரத்த அது பாக்கவே மாட்டேங்குது.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “அப்போ எனக்குச் சொல்லிக் குடுத்தியே?”

“காகிதத்தப் பாத்துப் படிச்சேன். நான் எப்போ இதெல்லாம் மாட்டினேன்? நீ சொல்லு.”

சொன்னேன். பச்சை விளக்கு வரும்வரை பொறு. ஒரு சாண் தள்ளிப் பிடி. அடியில் ஓட்டை இருக்கிறதா, ஊசியை விட்டு அமுக்கு, ஐந்துவரை எண்ணு. ஜன்னலைப் பார்த்து வைக்காதே, வெளிச்சத்தில் ஆள் கரியாகத் தெரிவான். எந்த உயரத்தில் வைக்கட்டும் என்று கேட்டான். அப்பா முந்திக்கொண்டார்: “உக்காந்தா என் மூஞ்சி எங்க இருக்கும்? அங்க வை.”

மறுமுனையில் டிங்கென்று ஒலித்தது. போனைத் தேங்காய்ச் சிரட்டையில் சாய்த்து அப்பாவுக்கு நேரே வைத்தேன். படம் வந்தது. சாம்பல் வெளிச்சத்தில் ஒரு சமையல்கட்டு. ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி, அடுப்பில் ஒரு கெட்டில். அண்ணியின் உடுப்பு ஒன்று இன்னும் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. இரண்டு வருஷமாக அவன் எங்கே இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“தெரியுதா?” என்றது அண்ணன் குரல், படத்துக்கு வெளியிலிருந்து.

“ஆள் தெரியல. குறுக்க நடந்து காட்டு,” என்றேன்.

இடது பக்கமிருந்து வந்தான். தலை நரைத்துவிட்டது. பெரிய உடம்பு அந்தச் சின்ன அறையை அடைத்தது. இரண்டு எட்டு நிமிர்ந்து நடந்தான். மூன்றாவது எட்டில், எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று நினைவு வந்திருக்கவேண்டும். அந்தக் காலிச் சமையல்கட்டில், ஐம்பத்தாறு வயதில், பிடித்த இடுப்பை வளைத்து, கையைத் தாழ்த்தி, “துலோ, துலோ” என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான்.

அப்பா முன்னால் சேம்பும் தேங்காய்ப்பால் கீரையும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் போனை நோக்கிக் குனிந்தார்.

“சாப்பிட வா, மகனே,” என்றார்.

‘இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. அண்ணன் சொல்லவில்லை. போய் ஒரு தட்டில் ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அப்பா ஜெபம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அதைத் தொடாமல் காத்திருந்தான்.